இல்லை என்று சொல்லத் தெரியாத ஆமை

அந்தக் காலத்தில் ஆமைக்குப் பேச்சு இருந்தது. எல்லா உயிர்களுக்கும்தான் இருந்தது. ஆனால் கொக்கு மீனைப் பற்றி மட்டும் பேசும். நரி தன்னைப் பற்றி மட்டும் பேசும். ஆமை ஒன்றுதான் எதிரில் நிற்பவரைப் பற்றிப் பேசியது. அதனால் எங்கே போனாலும் அதற்கு நல்ல பெயர்.

சீன தேசத்தில் மஞ்சள் ஆறு மலைகளை விட்டு இறங்கிச் சமவெளியில் அகலமாகப் பரவும் இடத்தில், கரையோரம் நாணல் மண்டிய ஒரு குட்டை இருந்தது. நம் ஆமையின் வீடு அதுதான். அன்றைக்கு அதன் கழுத்து எப்போதும் வெளியே நீண்டுதான் இருக்கும். ஓடு மழைக்கும் வெயிலுக்கும் பயன்பட்டதே தவிர, ஒளிந்துகொள்வதற்கு அது ஓட்டை நாடியதே இல்லை. நரி வந்தால்கூட ஓடாது. ஓட முடியாது என்பது வேறு விஷயம். "இந்த வருஷம் உங்கள் வால் நல்ல செழிப்பு" என்று ஆரம்பித்து, வந்த காரியத்தையே மறந்து நரி திரும்பிப் போகும்படி பேசி அனுப்பிவிடும். தவளையின் குரல் இனிமையானது என்று முதன்முதலில் சொன்னதும் இந்த ஆமைதான். தவளை இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆமைக்கு இன்னொரு திறமையும் இருந்தது. குட்டைச் சேற்றில் வயிற்றை அழுத்திப் படுத்தால் ஆறு என்ன செய்யப்போகிறது என்பது அதற்குத் தெரிந்துவிடும். தூரத்து மலைகளில் மழை கொட்டினால், தண்ணீர் கீழே வந்து சேர்வதற்கு வெகு முன்பே சேற்றுக்குள் ஒரு அதிர்வு ஓடும். அந்த அதிர்வை அதன் வயிற்றுப்பக்கத்து ஓடு வாங்கிக்கொள்ளும். வயிறு சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

குட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிற்றூர். மண்ணில் பாதி ஆழத்துக்குக் குழி தோண்டி, மேலே வைக்கோல் வேய்ந்த வீடுகள். கொஞ்சம் பன்றிகள், கொஞ்சம் சணல், மற்றபடி பார்க்கும் இடமெல்லாம் தினை. ஆறு கொண்டுவந்து போட்ட மஞ்சள் மண்ணில் தினை கொழித்து விளையும். சில வருஷங்களில் அதே ஆறு கரையேறி வந்து, கொடுத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே அந்த ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கையில் இருந்த பெரிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆறு வருமா, வராதா?

அதைக் கேட்க ஆமையிடம் வருவார்கள்.

ஆரம்பத்தில் ஆமை உள்ளதை உள்ளபடிதான் சொன்னது. வராது என்று சொன்னால் கைநிறைய இலந்தைப் பழம் கிடைக்கும். வரும் என்று சொன்னால் கேட்டவர்களின் முகம் தொங்கிப்போகும். ஒருமுறை ஒருவன் கல்லெடுத்துக்கூட எறிந்தான். ஆனால் கல்லுக்குப் பயந்தோ பழத்துக்கு ஆசைப்பட்டோ ஆமை மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழியை நான் அதன்மேல் போடமாட்டேன். ஒரு முகம் தன் கண்ணெதிரே வாடுவதை அதனால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். முதலில் "பார்க்கலாம்" என்று இழுத்தது. அப்புறம் "அவ்வளவு மோசமாக இருக்காது" என்றது. கடைசியில், எதிரில் நிற்பவர் எந்தப் பதிலை முகத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரோ அதையே படித்துச் சொல்ல ஆரம்பித்தது. சில வருஷங்கள் ஆறும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆமையின் வாக்கு பலிக்கிறது என்று ஊரில் பேச்சு.

அந்த ஊரில் சூயின் என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகிப் புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களுக்கு ஆற்றை ஒட்டிய கடைசி வயலைத்தான் ஒதுக்குவார்கள். மண் அங்கேதான் நல்ல மண், ஆபத்தும் அங்கேதான். சூயினுக்கும் அவள் கணவன் தாவுக்கும் கிடைத்தது அந்த வயல். அதன் வரப்பு முடியும் இடத்தில் ஆமையின் குட்டை. களையெடுத்துவிட்டுக் கை கழுவ வரும்போதெல்லாம் சூயின் இரண்டு இலந்தைப் பழம் போடுவாள். "ஆமையண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். ஆமை அவளைத் "தங்கச்சி" என்று கூப்பிடும். வாய்க்கு வந்த உபசார வார்த்தை இல்லை அது. ஆமைக்கு அவளை உண்மையாகவே பிடிக்கும்.

முந்தைய வருஷம் மழை பொய்த்து விளைச்சல் இல்லாமல் போயிருந்தது. சூயினும் தாவும் அந்தக் குளிர்காலத்தை மரப்பட்டையும் கிழங்கும் வேகவைத்துத் தின்று கழித்தார்கள். இந்த வருஷம் அவர்கள் வயலில் தினை தோளுயரத்துக்கு நின்றது. கதிர் பிடித்துவிட்டது. ஆனால் இன்னும் முற்றவில்லை.

அப்போது ஊர்த் தலைவர் பெங் ஆற்றுத் தண்ணீரின் நிறம் மாறுவதைக் கவனித்தார். ஒரு கால் ஊனமான மனிதர், எதையும் லேசில் நம்பமாட்டார். பச்சையாகவே கதிரை அறுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பச்சைக் கதிர் காய்ந்தால் பாதியாகச் சுருங்கிவிடும், பாதித் தினையை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்டமுடியாது என்றது ஒரு பக்கம். உயிர் இருந்தால்தானே குளிர்காலம் என்றது இன்னொரு பக்கம். முடிவில் ஆமையைக் கேட்டுவிடலாம் என்று தீர்மானம் ஆனது. யார் போவது? சூயின் போகட்டும், அவள்மேல்தான் அதற்குப் பிரியம் அதிகம் என்றார்கள்.

இதுதான் அந்த ஊர் செய்த தப்பு. யாருடைய வயல் எல்லாவற்றிலும் தாழ்வாக இருக்கிறதோ, யார் போன வருஷம் பட்டினி கிடந்தாளோ, யாருடைய முகம் வாடினால் ஆமைக்கு மனசு கேட்காதோ, அவளையே பார்த்து அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள்.

சூயின் குட்டைக்கரையில் போய் உட்கார்ந்தாள். முதலில் பழத்தைப் போட்டாள்.

"ஆமையண்ணே, தினை முற்றின பிறகுதானே ஆறு வரும்?"

ஆமையின் வயிற்றில் அதிர்வு இரண்டு நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. மலைகளில் பேய்மழை. தினை முற்றும்வரை ஆறு காத்திராது என்று அதற்கு நன்றாகத் தெரியும். அது கழுத்தை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தது. போன வருஷத்துப் பட்டினியில் எழும்பிய கன்ன எலும்பு இன்னும் அடங்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

"ஆமாம் தங்கச்சி, முற்றின பிறகுதான்" என்றது ஆமை.

சொன்ன பிறகு அதற்கே சங்கடமாகத்தான் இருந்தது. மலையில் மழை நின்றாலும் நின்றுவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது. நாளைக்கு அவள் வரும்போது எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தது. மறுநாள் அவள் தனியாக வரவில்லை, தாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். தாவ் அதிகம் பேசாதவன். நன்றி சொல்லத் தெரியாமல், குட்டையில் இறங்கி ஆமையின் முதுகில் படிந்திருந்த பாசியையெல்லாம் வைக்கோலால் தேய்த்துக் கழுவிவிட்டான். அதன் பிறகு ஆமை எப்படிச் சொல்லும்?

பெங் முணுமுணுத்தார். ஆனால் ஊர் தங்கிவிட்டது.

வெள்ளம் ஒரு நண்பகலில் வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, நல்ல வெயில். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்காக வீடுகளுக்குத் திரும்பியிருந்தார்கள். தாவ் மட்டும் கடைசி வயலில் நின்று கதிர் கொத்த வரும் குருவிகளை விரட்டிக்கொண்டிருந்தான். சூயின் கஞ்சிப்பானையோடு வரப்பில் பாதி தூரம் போயிருந்தாள். அவன் இரண்டு கைகளையும் வீசுவது தெரிந்தது. குருவியைத்தான் விரட்டுகிறான் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் ஆற்றின் சத்தம் கேட்டது. அவன் அவளைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தான். அவள் ஓடினாள். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது வயல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியதால் ஊர் பிழைத்தது. தினை போயிற்று. தாவ் போனான்.

தண்ணீர் வடிந்ததும், ஆமை மேட்டுச்சரிவின் சேற்றில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். தடிகளோடு சுற்றி நின்றார்கள். பசி வேறு. ஓட்டை உடைத்துக் குழம்பு வைப்போம், வேறு எதற்கு இது ஆகும் என்று ஒருவன் சொன்னான். ஒருவரும் மறுக்கவில்லை. சூயின்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தான் பேசி முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றாள். எல்லோரும் சற்றுத் தள்ளிப் போனார்கள்.

"தெரிந்தா சொன்னாய்?" என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"தெரிந்துதான் சொன்னேன்."

"ஏன்?"

"உன் முகத்தைப் பார்த்தேன். ஆறு வரும் என்று என் வயிற்றுக்குத் தெரியும். வாய்தான் பொய் சொல்லிவிட்டது."

சூயினுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு முழுக்கக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை ஆமையின்மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. தான் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. தினை முற்றவேண்டும் என்ற ஆசையைத்தான் அன்று கொண்டுபோனாள். அதற்கு ஆமாம் போட ஒரு வாயைத் தேடினாள். ஆமை போட்டது.

"இனி உன்னிடம் யாரும் எதையும் கேட்கவேண்டாம்" என்றாள்.

"கேட்பார்கள்" என்றது ஆமை. "இந்தக் கோபமெல்லாம் தீர்ந்ததும் வந்து கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நானும் மறுபடி சொல்லிவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால் இனி நான் பேசப்போவதில்லை. மனிதர் முகத்தைப் பார்க்கப்போவதும் இல்லை. நான் செத்த பிறகு என் வயிற்றுப்பக்கத்து அடியோட்டை எடுத்துக்கொள். உண்மையை அறிந்தது அதுதான், அதற்குக் கண்ணும் இல்லை. வலது பக்கம் ஒரு சின்னக் குழி, இடது பக்கம் ஒரு சின்னக் குழி தோண்டு. ஒன்றில் வரும் என்று சொல்லிக் கனலும் இலந்தைக் கொம்பை வை. இன்னொன்றில் வராது என்று சொல்லி வை. இரண்டையும் ஒரே குரலில் சொல்லவேண்டும். எந்தப் பக்கத்து விரிசல் ஓட்டின் நடுவே ஓடும் கோட்டைத் தொடுகிறதோ அது உண்மை."

சொல்லி முடித்ததும், அதுவரை ஒரு ஆமையும் செய்யாத காரியத்தை அது செய்தது. நீண்ட கழுத்தைச் சுருட்டி, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மன்னித்துவிட்டேன் என்று சூயின் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு பொய்யாகியிருக்கும். ஊர்க்காரர்களிடம் வந்து, அதை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். பெங் தடியைக் கீழே போட்டார், மற்றவர்களும் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் மரப்பட்டைதான். அது முடியும் தறுவாயில் சூயினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லியேன் என்று பெயர் வைத்தாள்.

ஆமை குட்டைக்குத் திரும்பி, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஊர்க்காரர்கள் அடுத்த வருஷமே வந்து கேட்டார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் தலை உள்ளே போய்விடும். பழத்தைக் காட்டிப் பார்த்தார்கள், ஓட்டைத் தட்டிப் பார்த்தார்கள், ஒரு பதிலும் இல்லை. தவளைகூடத் தன் பாட்டைப் பற்றி ஒரு அபிப்பிராயம் கேட்டுப் பார்த்தது. பதில் வராததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பாடப் போய்விட்டது. குட்டையிலிருந்த மற்ற ஆமைகளும், பிறந்த குஞ்சுகளும் பெரியதைப் பார்த்து அதே பழக்கத்துக்கு வந்தன.

சூயின் அதே கடைசி வயலில்தான் பாடுபட்டாள். குட்டைக்கரையில் கை கழுவுவாள். ஆமையோடு பேசமாட்டாள், பழம் போடமாட்டாள். ஆனால் கரையில் நின்ற இலந்தை மரத்திலிருந்து தண்ணீரோரம் உதிர்ந்த பழங்களை அவள் பொறுக்கியதும் இல்லை. அவை ஆமைக்குக் கிடைத்தன.

லியேன் வளர்ந்து கல்யாணமாகி, தானும் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வருஷத்தில் ஆமை செத்துப்போனது. சூயின் அடியோட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்தாள். அந்த வருஷமும் தினை தோளுயரம் நின்றது. அந்த வருஷமும் தண்ணீரின் நிறம் மாறியது. பெங் தள்ளாத வயதில் கோலூன்றிக்கொண்டு வந்து, ஓட்டைக் கேள் என்றார்.

லியேனுக்கு இது நிறைமாதம், குழந்தை வேறு குறுக்கே கிடந்தது. அவளை அசைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, மேட்டுப்பாதையில் ஏற்றவே கூடாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆறு வரக்கூடாது. சூயின் வாழ்க்கையில் வேறு எதையும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. என்னால் ஆகாது, வேறு யாராவது கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். உன்னிடம்தானே அது வழி சொன்னது என்றார் பெங்.

முற்றத்தில் தீ மூட்டினார்கள். லியேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊர் சுற்றி நின்றது. சூயின் ஓட்டில் வலப்பக்கம் ஒரு குழியும் இடப்பக்கம் ஒரு குழியும் தோண்டினாள். இலந்தைக் கொம்பு ஒன்றைக் கனலாக்கி எடுத்தாள்.

"ஆறு வரும்" என்று சொல்லி வலது குழியில் வைத்தாள். "பொக்" என்று ஓடு விரிந்தது.

"ஆறு வராது" என்று சொல்லி இடது குழியில் வைத்தாள். குரலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கமும் "பொக்" என்று விரிந்தது.

ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கத்து விரிசல் பாதியிலேயே நின்றிருந்தது. வலப்பக்கத்து விரிசல் நேராக ஓடி நடுக்கோட்டைத் தொட்டிருந்தது.

அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள். எதிரில் லியேன், இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வராதுதானே, அம்மா?" என்றாள் லியேன்.

சூயினின் நாக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. வராது கண்ணு, நீ நிம்மதியாக இரு. அதைச் சொல்வது எத்தனை சுலபம் என்று அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, குட்டைக்கரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆமையின் நிலைமையும் அப்போதுதான் புரிந்தது. அவள் தோள்களை ஒடுக்கினாள். தலையைக் குனிந்து, மோவாயைச் சட்டைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். மகளின் முகம் கண்ணில் படாதபடி ஓட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வரும்."

அன்றைக்கே பச்சைக் கதிரை அறுத்தார்கள். லியேனை ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து, குலுங்காமல், ஆள் மாற்றி ஆள் சுமந்து மேட்டுக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் அவளுக்கு வலி கண்டது. மேட்டில், வைக்கோல் பந்தலின் கீழே, பெரும்பாடு பட்டுத்தான் பெற்றாள். ஆனாலும் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மறுநாள் வெயிலடிக்கும் வானத்தின் கீழே ஆறு வந்து ஊரை எடுத்துக்கொண்டு போயிற்று. ஓர் ஆள்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு சூயின் குட்டைக்குப் போனாள். இலந்தைப் பழம் இரண்டை எடுத்துத் தண்ணீரோரம் வைத்தாள். சாப்பிட அங்கே அந்த ஆமை இல்லை. "ஆமையண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவி அரசர்கள் வரைக்கும் போனது. போருக்குப் போகலாமா, மழை வருமா, பிள்ளை நல்லபடியாகப் பிறக்குமா, எதுவானாலும் ஆமையோட்டிடம் வலப்பக்கம் ஒருமுறை ஆமாம் என்றும் இடப்பக்கம் ஒருமுறை இல்லை என்றும் சொல்லிக் கேட்டார்கள். கேட்டதைப் பிறகு மாற்றிச் சொல்லும் ஆட்கள் எந்த ஊரில்தான் இல்லை? அதற்காக இரண்டு பக்கத்துக் கேள்வியையும் ஓட்டிலேயே செதுக்கி வைத்தார்கள். ஓட்டைப் படிப்பவர், படித்து முடிக்கும்வரை கேட்டவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆமைகளும் அன்று முதல்தான் மனிதரின் காலடி கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நம்மைக் கண்டு பயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் முகத்தைப் பார்த்தால் தாங்கள் மறுபடியும் ஏதாவது இனிமையாகச் சொல்லிவிடுவோமோ என்று அவற்றுக்குப் பயம்.